காட்டில் பெயர் சொல்லக் கூடாது

மாசாய்
11 ஜூன் 2024

ரூபினி அம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் "போய் அந்த ஆத்தைக் கேளுங்க" என்பாய். அதனால் கேட்கவில்லை.

நேற்று உன்னோடு பேசலாம் என்று உன் தங்கை மலருக்கு ஃபோன் அடித்தேன். எடுத்த எடுப்பில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "மாமா பேசுறாரு, யாரும் சத்தம் போடாதீங்க லா" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு இங்கே தெரிந்தது. நான் என்னத்தைப் பேச? "அங்க மழையா?" என்று கேட்டேன். "மழை இல்ல மாமா" என்றாள். வைத்துவிட்டேன். உன் ஃபோனோ பெலுமுட் மலை ஆற்றோடு போய்விட்டது. வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. ஃபாக்டரியில் நான் பிடிப்பது ஸ்பேனர்.

மலையில் கூரையாகக் கட்டிய கன்வாஸைத் துவைத்துக் காயப்போட்டேன். சேறு போய்விட்டது, புகை வாசம் போகவில்லை. உன் பை வேனிலேயே கிடந்தது. உள்ளே உப்பு டப்பா, தீப்பெட்டி, பாதி உரித்த ஒரு வெங்காயம். வெங்காயத்தை மட்டும் எறிந்துவிட்டேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

வேலை முடிந்து வந்து, கேட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழக்கம்போல் ஹாரன் அடித்தேன். யாரும் வரவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். திறக்க ஆள் வீட்டில் இல்லை என்பது அப்புறம்தான் மண்டையில் ஏறியது.

சரி, என் நியாயத்தையும் கொஞ்சம் கேள். கமலநாதன் நம் மலையேறும் கூட்டத்துக்குத் தலைவன். காட்டுக்குள் நுழையும்போதே எல்லோரையும் நிறுத்திவைத்து அவன் சொன்னதை நீயும்தான் கேட்டாய். "பொழுது சாஞ்சிட்டா உள்ள யாரும் யாரையும் பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஓய்னு கூப்பிடுங்க, விசில் அடிங்க. பேரு மட்டும் வேணாம். காடு கேட்டு வெச்சுக்கும்." மலாய்க்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், தோட்டத்து ஆட்களும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் அப்படியே செய்தேன். ஆற்றங்கரை நெடுக "ஓய், ஓய்" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். நீ எதிர்க்கரைப் பாறையில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாய். ஒரு "ம்" கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மறுநாள் மலையடிவாரத்தில் எல்லோரும் வேனில் ஏறும்போது நீ மட்டும் மலர் வீட்டுக்காரரை வரவழைத்து அவர் காரில் ஏறிக்கொண்டாய். தேடிக் களைத்தவன் நான். கோபம் மட்டும் உனக்கா?

எப்போது வருகிறாய் என்று எழுது. நான் வைத்த சாம்பாரை நானே மூன்று வேளையும் சாப்பிட்டேன். செய்த தப்புக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ரூபினி அப்பா

லாயாங் லாயாங்
20 ஜூன் 2024

ரூபினி அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. மலர் அதை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்க்கப் பார்த்தாள். பிடுங்கிக்கொண்டு போய்க் குளியலறையில் வைத்துப் படித்தேன்.

உறையின் மேல் என் பெயர் முழுதாக இருந்தது. உங்கள் கையெழுத்தில் அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆசையாகப் பிரித்தால் உள்ளே "ரூபினி அம்மா". ஆக, தபால்காரருக்கு மட்டும்தான் நான் தனலெட்சுமி.

அன்று நடந்ததை நீங்கள் கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். நெத்திலிச் சம்பாலுக்குத் தொட்டுக்கொள்ள ஆற்றோரத்தில் பெரணி மாதிரி சுருண்டு நிற்கும் பாக்குக் கீரை பறிக்கலாம் என்று அக்கரைக்குப் போனேன். போகும்போது தண்ணீர் கணுக்கால் அளவுதான். கூழாங்கல் எல்லாம் எண்ணிவிடலாம் போல் தெளிவாக இருந்தது. நம் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. மலை உச்சியில் எங்கேயோ கொட்டியிருக்கிறது. கீரையை மடியில் கட்டிக்கொண்டு திரும்பினால் ஆறு தேத்தண்ணி நிறத்தில் மரக்கட்டையை உருட்டிக்கொண்டு வருகிறது. பயத்தில் பின்னால் தாவியதில் ஃபோன் நழுவி விழுந்தது. உயரமாக ஒரு பாறை பார்த்து ஏறி உட்கார்ந்துவிட்டேன். இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் "ஓய்" கேட்டது.

நான் சாஆ ஊர்ப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவள். எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னாலேயே காடு. அம்மா எங்களுக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லிவைத்தது: "காட்டுப் பக்கம் இருந்து பேரு சொல்லாமக் கூப்பிட்டா வாயத் தொறக்கக் கூடாது. மனுசன்னா பேரு சொல்லுவான்." உங்கள் குரல் என்று தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரிந்தது. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. அது எப்போதும் தெரிந்தவர் குரலில்தான் வருமாம்.

திருப்பி நான் கூப்பிட்டிருக்கலாம். என்னவென்று கூப்பிட? உங்கள் பெயரைச் சொன்னால் உங்கள் ஆயுசு குறையும் என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை. "ரூபினி அப்பா" என்று கத்தினால் பிள்ளை பெயர் காட்டுக்குப் போய்விடும். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் "ஓய்" என் எதிரில் வந்தது, தாண்டிப் போனது.

கடைசியில் டோரிஸ் வந்தாள். உங்கள் ஃபாக்டரி ஸ்டோரில் இருக்கிறாளே, அந்த டோரிஸ். கமலநாதன் தடுக்கத் தடுக்க, "அந்தோணியார் பாத்துக்குவாரு, நீங்க சும்மா இருங்கண்ணே" என்று சிலுவை போட்டுக்கொண்டு, "தனலெட்சுமி அக்கா!" என்று ஒரு கூப்பாடு போட்டாள். "இங்க இருக்கேன்!" என்றேன். அழுகை வந்துவிட்டது.

தண்ணீர் வடிந்து, கயிறு கட்டி என்னை இக்கரை சேர்த்தபோது நீங்கள் சொன்ன முதல் வார்த்தை நினைவிருக்கிறதா? "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?" எல்லோரும் சிரித்தார்கள். கமலநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் காரில் ஏறியது அதற்காக. ஆறு பெருகியதற்காக இல்லை.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். வரத்தான் வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டில் ஹாரன் அடித்தால் ஓடிவந்து திறக்கிறேன். உள்ளே வந்தால் "இந்தா", "ஏய்", "இங்க பாரு". என் அம்மாவும் அப்பாவும் ஆசையாக வைத்த பெயர் அந்த வீட்டில் எங்கேயும் கேட்டதில்லை. கரண்டு பில்லில் மட்டும் இருக்கிறது.

உப்பு டப்பாவை மூடி வையுங்கள், கசிந்துவிடும்.

ரூபினி அம்மா

மாசாய்
2 ஜூலை 2024

அன்புள்ள தனலெட்சுமிக்கு,

எழுதிவிட்டேன். எழுதிவிட்டு வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வேறொருவர் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிற மாதிரி கூச்சமாக இருக்கிறது.

கொழுக்கட்டை விஷயத்தில் தப்பு என் மேல்தான். உன்னை உயிரோடு பார்த்ததும் உட்கார்ந்து அழுதுவிடுவேனோ என்று பயந்து வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். ஆம்பிளை புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது. கமலநாதன் சிரித்ததற்கு அவனிடம் சண்டை போட்டுவிட்டேன். இப்போது அவன் என்னோடு பேசுவதில்லை. உனக்குத் திருப்திதானே.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ எதிரில் இருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. ஆற்றோடு போய்விட்டாய் என்றுதான் நினைத்தேன். நான் மேலே போகவில்லை, கீழே கீழே போனேன். ஒவ்வொரு வளைவிலும் சிக்கிக் கிடந்த மரக்கிளையை எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். உன் பச்சைத் துண்டு மாதிரி ஏதோ தெரிந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டேன். வாழையிலை. அந்த இலையைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

அப்போது உன் பெயர் தொண்டைவரை வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் கமலநாதன் சொன்னது காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆறு உன்னை எடுத்துக்கொண்டது என்றால், பெயரையாவது அந்தக் காட்டிடம் கொடுக்காமல் நான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கெட்டிக்காரத்தனமா முட்டாள்தனமா என்று நீயே முடிவு செய்.

நீ சொன்னதையும் யோசித்துப் பார்த்தேன். சமையலறையில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். "தனலெட்சுமி, தண்ணி குடு." "தனலெட்சுமி, சாவி எங்க?" பக்கத்து வீட்டு வெள்ளையம்மா அக்கா வேலிமேல் எட்டிப் பார்த்து, "வீரமுத்து, ஊருலேருந்து யாராச்சும் வந்திருக்காங்களா? தனலெட்சுமி யாரு?" என்று கேட்டார். அலமாக்! இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருக்கிறவர். உன் பெயர் அவருக்கும் தெரியாது.

"எம் பொண்டாட்டிக்கா" என்றேன். "அட, நல்ல பேரு" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வா.

வீரமுத்து

லாயாங் லாயாங்
5 ஆகஸ்ட் 2024

ரூபினி அப்பாவுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. வேண்டுமென்றேதான் தாமதித்தேன். உங்கள் கடிதத்தை அடிக்கடி எடுத்துப் படித்ததில் மடிப்பில் கிழிந்துவிட்டது. மலர் டேப் ஒட்டித் தந்தாள். ஆகவே அவளும் படித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழையிலை இடத்தில் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

நீங்கள் தண்ணீரில் இறங்கியது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நீச்சல் தெரியாதே! தெரிந்திருந்தால் உங்களை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருப்பேன். இனி இப்படிச் செய்தால் உண்மையாகவே சாத்துவேன்.

போன வாரம் ரூபினி சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தாள். புது ஃபோன் வாங்கித் தருகிறேன் என்றாள். இப்போது வேண்டாம் என்றேன். ஃபோனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் குறுக்கே விழுவீர்கள். கடிதத்தில் அது முடியாது. "ரெண்டு பேரும் காலேஜ் பசங்க மாதிரி பண்றீங்கம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

ஆற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த இடம் கனவில் வருகிறது. கூடாரம் இல்லை, விளக்கு இல்லை, கன்வாஸை இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டி, பிளாஸ்டிக் விரித்து, அவ்வளவுதான் வீடு. வெள்ளம் வந்த அன்று காலையில் கண் விழித்ததும் ஆறு தலைமாட்டில் பேசிக்கொண்டிருந்தது. இருவாச்சி ஒன்று தலைக்கு மேல் பறந்தபோது யாரோ ஜமுக்காளத்தை உதறுகிற மாதிரி சத்தம் வந்தது. உங்கள் ஆட்கள் லைட்டரை வைத்துக்கொண்டு ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் காய்ந்த மூங்கிலைச் சீவி, அடியில் டயர்த்துண்டு வைத்து ஒரே குச்சியில் பற்றவைத்தேன். "யாரு பத்தவெச்சா?" என்று கமலநாதன் கேட்டபோது நீங்கள் "எங்க வீட்ல" என்றீர்கள். அப்போதும் பெயர் வரவில்லை. ஆனால் உங்கள் முகத்தில் பெருமை இருந்தது. நான் பார்த்தேன்.

டோரிஸ் மலர் ஃபோனுக்கு அடித்தாள். மாசக் கடைசியில், மெர்டேக்கா சுதந்திர தின லீவில் கூட்டம் மறுபடியும் அதே ஆற்றுக்குப் போகிறதாம். நான் டோரிஸ் காரில் போகிறேன். அவளோடு அக்கரையில்தான் தங்கப்போகிறேன், மேட்டில். மழை இல்லாவிட்டாலும் மேட்டில்தான்.

நீங்கள் வருவதாக இருந்தால் இக்கரையில் இருங்கள். நான் மாசாய்க்குத் திரும்புவதா, மலரோடு இங்கேயே இருந்து அவள் கடையைப் பார்ப்பதா என்பதை அங்கே வைத்து முடிவு செய்கிறேன். "வா" என்று எழுதியிருக்கிறீர்கள். தாளில் எழுதுவது சுலபம். என்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

பூண்டு ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். சாம்பார் வைக்காதீர்கள்.

ரூபினி அம்மா

மாசாய்
10 ஆகஸ்ட் 2024

தனலெட்சுமிக்கு,

வருகிறேன். கமலநாதனோடு ராசியாகிவிட்டேன், வேனில் இடம் வேண்டுமே. ஊறுகாய் பாதி காலி.

பொழுது சாய்ந்த பிறகு கூப்பிட எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வீரமுத்து

பெங்கெராங்
4 செப்டம்பர் 2024

தனலெட்சுமி,

இந்தக் கடிதத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாமல் இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கடைசியில் நம் வீட்டுக்கே அனுப்புகிறேன். நீ அங்கே இருந்தால் படி. இல்லாவிட்டால் ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் இந்த ஷட்டவுன் வேலை முடிந்து வந்து என் கடிதத்தை நானே பிரித்துப் படித்துக்கொள்கிறேன்.

ஆற்றங்கரையில் தங்கிய மறுநாள் விடியற்காலையிலேயே கம்பெனி வேன் என்னை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. நீ அக்கரையில் தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்ப மனசு வரவில்லை. முதல் நாள் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமலே வந்துவிட்டேன். அதை நினைத்து நினைத்து இங்கே போல்ட்டைத் தப்புத் தப்பாக முடுக்கி ஏச்சு வாங்குகிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். முதல் நாள் மத்தியானமே நான் கொஞ்சம் தள்ளி, ஆறு வளைகிற இடத்துக்குப் போனேன். அங்கே பெரிய பாறை ஒன்று இருக்கிறது. அதன் மேல் வெற்றிலை பாக்கும் ஒரு சுருட்டும் வைத்துக் கற்பூரம் ஏற்றினேன். முனியாண்டியோ, இந்த மலைக்கு யார் காவலோ, அவரிடம் சொன்னேன்: "சாமி, இன்னைக்குப் பொழுது சாஞ்சு எம் பொண்டாட்டி பேரச் சொல்லிக் கூப்பிடப் போறேன். அவ பேரு தனலெட்சுமி. நானே சொல்லிட்டேன், யார்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்க வேணாம். அவ நம்ம ஆளு. பாத்துக்குங்க." காடு கேட்டு வைத்துக்கொள்ளும் என்றால் நல்ல விதமாகக் கேட்டு வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் டோரிஸ் பின்னால் நிற்கிறாள். "அண்ணே, அந்தோணியாருக்கும் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். இருட்டு கட்டியது. நான் தண்ணீர் ஓரம் போய் நின்றேன். கமலநாதன் "ஓய், வேணாம் லா" என்று என் கையைப் பிடித்தான். உதறிவிட்டுக் கூப்பிட்டேன். என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. இக்கரையில் எல்லோரும் மீ நூடுல்ஸ் தட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

உன்னிடமிருந்து சத்தம் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். இல்லை. அக்கரையில் உன் நெருப்பு தெரிந்தது, நீ அசையாமல் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. சரி, இவள் முடிவு செய்துவிட்டாள், நம் கதை முடிந்தது என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது, புகையால் இல்லை. மூன்றாவது தடவை பாதிதான் வந்தது. அப்போதுதான் "இருக்கேன்" என்றாய்.

கூப்பிட்ட பிறகு என்ன சொல்வது என்று நான் யோசித்து வைக்கவில்லை. "மீ ஆறிப் போவுது, சாப்பிட வா" என்றேன். ஆறு தாண்டி வந்து சாப்பிட்டாய். உப்புக் கம்மி என்றாய். திரும்பிப் போய்விட்டாய். வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்க வந்த வாய் அதை மீயோடு சேர்த்து விழுங்கிவிட்டது.

இப்போது கேட்கிறேன். வருகிறாயா? ஏன் இரண்டு தடவை பேசாமல் இருந்தாய்?

உன்
வீரமுத்து

மாசாய்
10 செப்டம்பர் 2024

வீரமுத்துவுக்கு,

இந்த ஒரு வார்த்தையை எழுத இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். எழுதினால் ஆயுசு குறையாது என்றுதான் நினைக்கிறேன். குறைந்தால் என்னுடையதில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்திருப்பீர்கள். டோரிஸ் என்னை மலையிலிருந்து நேராக இங்கேதான் கொண்டுவந்து விட்டாள். நான்தான் சொன்னேன். துணிமணி இன்னும் மலர் வீட்டில் இருக்கிறது.

வீட்டை நீங்கள் வைத்திருக்கும் லட்சணத்தைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். உப்பு டப்பாவை மூடவில்லை. கன்வாஸ் இன்னும் கொடியிலேயே தொங்குகிறது, புகை வாசத்தோடு. திரும்பத் துவைக்க மனசு வரவில்லை. மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

வந்த மறுநாள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளையம்மா அக்கா வேலி ஓரம் வந்து, "தனலெட்சுமி, எப்ப வந்த?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள் போல.

ஏன் பேசாமல் இருந்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் தடவையே கேட்டுவிட்டது. டோரிஸ் என் தொடையில் இடித்து, "அக்கா, பதில் சொல்லுங்க" என்றாள். அவள் வாயைப் பொத்தினேன். அம்மா சொன்ன பயம் எல்லாம் இல்லை. பெயர் சொல்லித்தானே கூப்பிட்டீர்கள், மனுசன்தான் என்று தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் கேட்காத பெயர், உங்கள் குரலில் தண்ணீரைத் தாண்டி வந்தது. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல் இருந்தது. இரண்டாவது தடவை கேட்டதும் இன்னும் ஒரு தடவை. மூன்றாவதில் உங்கள் குரல் உடைந்துவிட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

உங்களை அழவைத்துவிட்டேன். கொழுக்கட்டைக்கும் அதற்கும் சரியாகப் போயிற்று.

ஷட்டவுன் முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் பரவாயில்லை. மோட்டாரை கேட்டில் நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள். கூப்பிடுங்கள். நான் உள்ளேதான் இருப்பேன். முதல் தடவையே பதில் சொல்கிறேன்.

தனலெட்சுமி